பட்டறை மண்ணும் வெட்டிவேரும்: கெட்டுப்போன நிலத்தை நாட்டுச் செடிகளால் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கொரட்டூரில் எங்கள் மாமாவுக்கு அரை கிரவுண்ட் மனை ஒன்று இருக்கிறது. 18 வருஷம் அது ஒரு டூவீலர் மெக்கானிக் ஷெட்டுக்கு வாடகைக்குப் போயிருந்தது. ஷெட் காலியானதும், தரையிலேயே கீரை போடலாமே என்று மாமாவுக்கு ஆசை வந்துவிட்டது. நான்தான் மண்வெட்டி எடுத்தேன். முதல் வெட்டிலேயே நாலு விரல்கடை ஆழத்துக்குக் கறுப்பு மண். பிசுபிசுவென்று மண்வெட்டியில் அப்பிக்கொண்டு கீழே விழமாட்டேன் என்றது. பழைய ஸ்பேனரை முகர்ந்தால் வருமே, அந்த வாசனை. பக்கத்து வீட்டு ஆயா மதில்மேல் எட்டிப் பார்த்து, “அருகம்புல்லே மொளைக்காத மண்ணுப்பா அது. அதுல கீரை போட்டுத் துன்னப் போறீங்களா?” என்றார்.

ஆயா கேட்டது சரியான கேள்வி. சென்னையில் இப்படிப்பட்ட மண் நிறைய இருக்கிறது: பழைய பட்டறை, பேட்டரிக் கடை, பெயின்ட் அடிக்கும் ஷெட், குப்பை கொட்டி மூடிய பள்ளம், தோல் பதனிடும் ஷாப் இருந்த மனை. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே குரோமியம் போட்டுத் தோல் பதனிட்ட ஆலையால் வந்ததுதான். இந்த மண்ணையெல்லாம் செடி வைத்தே சுத்தம் செய்துவிடலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பாதி உண்மை. எண்ணெய் விஷயத்தில் செடி நிஜமாகவே சுத்தம் செய்கிறது. ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களை அது பெரும்பாலும் இருந்த இடத்திலேயே கட்டிப்போடத்தான் செய்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வேலையில் இறங்கினால் உழைப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

முதலில் ஒரு கணக்கு

கடுகுச் செடி மண்ணிலிருந்து உலோகத்தை உறிஞ்சும் என்பது ஆய்வில் நிரூபணமான விஷயம். சரி, நம் அரை கிரவுண்டில் போட்டுப் பார்ப்போம். 1,200 சதுர அடி என்றால் சுமார் 111 சதுர மீட்டர். மேல் 15 சென்டிமீட்டர் மண்ணை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஏறக்குறைய 22 டன் வருகிறது. அதில் கிலோவுக்கு 300 மில்லிகிராம் ஈயம் இருக்கிறது, அதை 100க்குக் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெளியே எடுக்கவேண்டிய ஈயம் 4.4 கிலோ.

ஒரு போகம் கடுகு, சதுர மீட்டருக்கு ஒரு கிலோ காய்ந்த செடி தருகிறது என்று தாராளமாகவே கணக்குப் போடுவோம். அந்தச் செடியில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயம் ஏறுகிறது என்று இன்னும் தாராளமாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 11 கிராம் வரும். ஆக 400 போகம் வேண்டும். நம் ஊர் வெயிலுக்குக் கடுகு மார்கழி, தை பக்கம்தான் ஒழுங்காக வரும் என்பதால் வருஷத்துக்கு ஒரு போகம்தான். 1639இல் சென்னைக்குப் பிள்ளையார் சுழி போட்டபோதே விதைக்க ஆரம்பித்திருந்தாலும் இன்னும் சில போகம் பாக்கி இருந்திருக்கும்.

காரணம் எளிது. ஈயம் மண் துகளோடு இறுகப் பிடித்துக்கொள்கிறது. வேருக்குள் போகிற கொஞ்சமும் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறது, தண்டுக்கு அதிகம் ஏறுவதில்லை. ஈடிடிஏ என்ற ரசாயனத்தை ஊற்றினால் ஈயம் இளகிச் செடிக்குள் அதிகமாக ஏறும் என்பதும் உண்மைதான். ஆனால் இளகியதில் செடி குடித்தது போக மீதி எங்கே போகும்? மழையோடு கீழே இறங்கி போர்வெல்லுக்குப் போகும். வீட்டுக்கு வீடு போர் போட்டிருக்கும் ஊரில் இந்த வேலையே வேண்டாம்.

படி 1: இடத்தின் ஜாதகம்

ஆய்வகத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வாரம் விசாரிப்பதில் செலவழியுங்கள். அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, எந்த மூலையில் ஆயில் கொட்டினார்கள், எங்கே குப்பை எரித்தார்கள் என்று தெருவில் முப்பது வருஷமாக இருப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் மனையில் தென்மேற்கு மூலைதான் இன்ஜின் ஆயில் மாற்றும் இடம் என்று ஆயாவே காட்டினார்.

என்ன இருந்தது என்று தெரிந்தால் எதைத் தேடவேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும். மெக்கானிக் ஷெட், லேத் என்றால் எண்ணெய், அதோடு கொஞ்சம் துத்தநாகம், ஈயம். பேட்டரிக் கடை என்றால் ஈயமும் அமிலமும். தோல் ஷாப் என்றால் குரோமியமும் உப்பும். எலக்ட்ரோபிளேட்டிங் என்றால் குரோமியம், நிக்கல், காட்மியம். பழைய வீட்டின் சுவரோரம் என்றால் உதிர்ந்த பெயின்ட். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (கிலோவுக்கு 90 மில்லிகிராம்) தாண்டக்கூடாது என்ற விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். மெயின் ரோட்டை ஒட்டிய மண் என்றால் 2000 வரை ஓடிய ஈயப் பெட்ரோலின் மிச்சம். ஈயம் மக்காது, ஆவியாகாது. அன்றைக்கு விழுந்தது இன்றைக்கும் அங்கேதான் இருக்கும்.

எண்ணூர், அத்திப்பட்டு, செப்பாக்கம் பக்கம் என்றால் அனல்மின் நிலையச் சாம்பல். அதன் கதை தனி, பின்னால் வருகிறேன்.

படி 2: கைச் சோதனைகள்

காசு செலவில்லாமல் இரண்டு சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம்.

ஒன்று, கண்ணாடி டம்ளர் சோதனை. இரண்டு ஸ்பூன் மண்ணைத் தண்ணீரில் கலக்கிப் பத்து நிமிஷம் விடுங்கள். மேலே வானவில் மாதிரிப் படலம் மிதந்தால் ஒரு ஈர்க்குச்சியால் குத்திக் கலைத்துப் பாருங்கள். கலைந்த படலம் மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். கண்ணாடிச் சில் மாதிரி உடைந்து தனித்தனியாகவே நின்றால் அது இரும்பைத் தின்னும் பாக்டீரியா உண்டாக்கிய படலம், பயமில்லை.

இன்னொன்று, முளைப்புச் சோதனை. இரண்டு தொட்டி. ஒன்றில் சந்தேக மண், மற்றதில் நல்ல மண். ஒவ்வொன்றிலும் 20 வெந்தயம், 20 பச்சைப்பயறு. பத்து நாள் கழித்து எண்ணுங்கள், பிடுங்கி வேரையும் அளந்து பாருங்கள். எங்கள் தென்மேற்கு மூலை மண்ணில் வெந்தயம் முளைக்கவே இல்லை. பயறு மட்டும் மூன்று, வேர் நுனி பழுப்பேறி, ஊசி மாதிரி நின்றுபோயிருந்தது. எண்ணெயையும் உப்பையும் இந்தச் சோதனை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ஈயத்தைக் காட்டாது. ஈயம் நிறைந்த மண்ணில்கூடக் கீரை தளதளவென்று வரும், அதுதான் ஆபத்தே. செடி பச்சையாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக்கூடாது.

படி 3: மண் மாதிரியும் ஆய்வகமும்

வேளாண்துறை மண் பரிசோதனை நிலையத்தில் தழை, மணி, சாம்பல் சத்து, கார அமில நிலை, உப்பின் அளவு எல்லாம் குறைந்த கட்டணத்தில் பார்த்துத் தருவார்கள். அதுவும் வேண்டும். ஆனால் அந்தச் சீட்டில் ஈயம் இருக்காது. உலோகங்களுக்கு, ஆய்வகங்களைத் தரம் பார்த்து அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குப் போகவேண்டும். சென்னையில் இப்படிப் பல இருக்கின்றன. போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: “மண்ணில் ஈயம், காட்மியம், குரோமியம், ஆர்செனிக், மொத்த அளவு வேண்டும், எண்ணெய்க்கு மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் பார்ப்பீர்களா?” ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் என்பதால் படி 1இல் விசாரித்தது இங்கே காசை மிச்சம் பிடிக்கும்.

மாதிரி எடுக்கும் முறை விவசாயிகளுக்குச் சொல்லித்தருவதேதான். மேலே கிடக்கும் சருகை விலக்கிவிட்டு, ஆங்கில ‘வி’ எழுத்து போல 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, அந்தக் குழியின் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சுரண்டி எடுக்கவேண்டும். பத்துப் பன்னிரண்டு இடத்தில் எடுத்து ஒன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலு பாகமாகப் பிரித்து, எதிரெதிர் பாகம் இரண்டைத் தள்ளிவிட்டு, அரைக் கிலோ வரும்வரை இப்படியே குறைக்கவேண்டும். துருப்பிடித்த சட்டி, துத்தநாகம் பூசிய வாளி கூடாது. பிளாஸ்டிக் பேசினே போதும்.

ஒரே ஒரு மாற்றம் உண்டு. விவசாயத்தில் மொத்த வயலுக்கும் ஒரு மாதிரி எடுப்போம். இங்கே அப்படிக் கலந்தால் கெட்ட மூலையை நல்ல மூலை மறைத்துவிடும். ஆயில் மூலைக்கு ஒன்று, சுவரோரத்துக்கு ஒன்று, நடுவில் ஒன்று என்று குறைந்தது மூன்று மாதிரி வேண்டும்.

ரிப்போர்ட் வந்ததும் ஈயத்தைத்தான் முதலில் பாருங்கள். சாதாரண மண்ணில் கிலோவுக்கு 10 முதல் 50 மில்லிகிராம் வரை இருக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டு மண்ணுக்கு அமெரிக்கா வெகுகாலம் 400ஐ எல்லையாக வைத்திருந்து, 2024இல் அதை 200ஆகக் குறைத்தது. என் சொந்தக் கணக்கு: 100க்குள் என்றால் கீரை, கிழங்கு போடலாம், 100 முதல் 200 வரை என்றால் தரையில் காய்ச்செடி மட்டும், அதற்கு மேல் என்றால் உண்பதற்கு எதுவும் அந்த மண்ணில் வேண்டாம். 1,000 பக்கம் போனாலோ, குரோமியம் மஞ்சள் பூத்துத் தெரிந்தாலோ, இது வீட்டுத் தோட்ட வேலை இல்லை. கிண்டியில் இருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். மாசுபட்ட இடங்களைக் கண்டறிந்து சரிசெய்வதற்கென்றே மத்திய அரசு 2025இல் தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது.

தோண்டும்போதே பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தாலும் நிறுத்திவிடுங்கள். 2013இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாய் கசிந்து வீட்டு போர்வெல்லிலேயே எரிபொருள் வந்தது நினைவிருக்கும். அந்த ஆழத்துக்கு எந்தப் புல்லின் வேரும் போகாது.

படி 4: எண்ணெய் மண்ணை மீட்பது

இங்கேதான் நல்ல செய்தி. எண்ணெய் என்பது கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்தது. மண்ணில் அதைத் தின்னும் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏற்கெனவே இருக்கின்றன. அவை பட்டினி கிடக்கின்றன என்பதுதான் சிக்கல். எண்ணெயில் கரி நிறைய இருக்கிறது, தழைச்சத்து கிடையாது. வெறும் சோற்றை வைத்துவிட்டுக் குழம்பு ஊற்றாத மாதிரி. காற்றும் போவதில்லை, ஏனென்றால் பிசுக்கு மண்ணின் துளைகளை அடைத்துவிடுகிறது. நாம் செய்யவேண்டியது குழம்பு ஊற்றுவதும் காற்று விடுவதும்தான். செடியின் வேர் பிறகு வந்து அந்த வேலையைத் தொடரும். வேரிலிருந்து கசியும் சர்க்கரைக்காக நுண்ணுயிர்கள் மொய்க்கின்றன, அப்படி மொய்ப்பவை எண்ணெயையும் உடைக்கின்றன.

காலம் முக்கியம். தை, மாசியில் ஆரம்பியுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் மண்ணைப் புல் மூடியிருக்கவேண்டும். சென்னையில் வருஷத்துக்குப் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில்தான் கொட்டுகிறது. புரட்டிப்போட்ட எண்ணெய் மண்மேல் அந்த மழை விழுந்தால் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

தார் மாதிரிக் கெட்டியாக இருக்கும் மேல் படலத்தை முதலில் சுரண்டிச் சாக்கில் கட்டித் தனியாக வையுங்கள். அதைச் செடியால் ஒன்றும் செய்யமுடியாது. அது மாநகராட்சிக் குப்பைத்தொட்டிக்கும் போகக்கூடாது. பழைய ஆயில் எடுக்க உரிமம் உள்ளவர்களிடமோ அபாயகரக் கழிவு மையத்திலோ கேட்டுத்தான் ஒப்படைக்கவேண்டும். மீதி மண்ணை ஒரு அடி ஆழத்துக்குக் கொத்திக் கட்டியை உடையுங்கள். நாலு சட்டி மண்ணுக்கு ஒரு சட்டி மக்கிய தொழு உரம், அரைச் சட்டி மக்கிய தென்னைநார்க் கழிவு. மக்காத நார்க் கழிவைப் போட்டால் இருக்கும் தழைச்சத்தையும் அதுவே தின்றுவிடும். கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கும் சேர்க்கலாம்.

பிறகு பிழிந்த துணி போல ஈரம் இருக்கும்படி தண்ணீர் தெளித்து, பத்து நாளுக்கு ஒருமுறை புரட்டவேண்டும். அலுப்பான வேலைதான். ஆறு வாரத்துக்குப் பிறகு முகர்ந்து பாருங்கள். எங்கள் மண்ணில் ஸ்பேனர் வாசனை குறைந்து, முதல்முறையாக மண்வாசனை கொஞ்சம் வந்தது ஏழாவது வாரத்தில். அன்றைக்கு மாமாவின் முகத்தைப் பார்க்கவேண்டும்!

முளைப்புச் சோதனையை மறுபடி செய்து, பாதிக்கு மேல் முளைத்தால் விதைக்கலாம். தக்கைப்பூண்டு, சணப்பு, காராமணி, கொள்ளு ஆகியவை காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தருபவை. ஊடே அருகம்புல் கட்டையும் கொழுக்கட்டைப் புல்லும் நட்டுவிடுங்கள். புல்லின் சல்லிவேர்தான் மண்ணின் ஒவ்வொரு துளையிலும் நுழையும். பூப்பதற்கு முன் தக்கைப்பூண்டை மடக்கி உழுவது போல அங்கேயே கொத்திப் புதைத்துவிட்டு இரண்டாம் முறை விதைக்கலாம். காராமணி காய்த்தாலும் பறிக்காதீர்கள்.

டீசல், மண்ணெண்ணெய் என்றால் ஒரு வருஷத்தில் பெரும் மாற்றம் தெரியும். கறுத்த இன்ஜின் ஆயிலுக்கு இரண்டு, மூன்று வருஷம். அதிலும் கெட்டியான பாகம் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும்.

படி 5: உலோக மண்ணைக் கட்டிப்போடுவது

ஈயம் உடம்புக்குள் போகும் பெரிய வழி காய்கறி இல்லை, புழுதி. குழந்தை மண்ணில் விளையாடிவிட்டு விரலை வாயில் வைப்பதும், காற்றில் பறக்கும் தூசி சோற்றில் விழுவதும்தான். ஆகவே மண் தெரியாதபடி வருஷம் முழுக்க மூடிவைப்பதே இங்கே குறிக்கோள். அதோடு ஈயம் கரையாதபடி செய்வது.

கரையாமல் செய்ய மக்கிய உரமும் மணிச்சத்தும் உதவும். பாறை பாஸ்பேட்டோ எலும்புத்தூளோ போட்டால் அதிலுள்ள பாஸ்பேட் ஈயத்தோடு சேர்ந்து, எளிதில் கரையாத ஒரு கனிமமாக மாறுகிறது. கார அமில நிலை 6க்குக் கீழே இருந்தால் மட்டும் கொஞ்சம் சுண்ணாம்பு. சென்னையின் களிமண் பல இடங்களில் ஏற்கெனவே காரமாகத்தான் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு சுண்ணாம்பு கொட்டாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ரிப்போர்ட்டில் ஆர்செனிக் அதிகமாக இருந்தால் பாஸ்பேட் போடவே கூடாது. பாஸ்பேட்டும் ஆர்செனிக்கும் மண்ணில் ஒரே நாற்காலிக்குச் சண்டை போடுபவை. பாஸ்பேட் வந்து உட்கார்ந்தால் ஆர்செனிக் எழுந்து தண்ணீரோடு போய்விடும். ஆர்செனிக்குக்கு மட்டும் நிஜமாகவே உறிஞ்சி எடுக்கும் ஒரு செடி உண்டு. பழைய சுவர், கிணற்று ஓரச் செங்கல் இடுக்கில் முளைக்கும் ஒரு நீள இலைப் பெரணி. டெரிஸ் விட்டாட்டா என்பது அதன் தாவரவியல் பெயர். காய்ந்த இலையின் எடையில் 2 சதவீதத்துக்கு மேல்கூட ஆர்செனிக்கை அது சேர்க்கும் என்று 2001இல் கண்டுபிடித்தார்கள். நிழலும் ஈரமும் சுண்ணாம்புச் சத்தும் இருந்தால் நம் ஊரிலும் வளரும்.

படி 6: வெட்டிவேர் நடுவது

உலோக மண்ணுக்கு நான் முதலில் கைநீட்டுவது வெட்டிவேரைத்தான். நல்ல மண்ணில் வேர் மூன்று மீட்டருக்குக் கீழேயும் நேராக இறங்கும். வெயிலும் தாங்கும், வாரக்கணக்கில் தேங்கிய வெள்ளமும் தாங்கும். இரண்டையும் தாங்குவதுதான் சென்னையில் தகுதித் தேர்வு. உலோகத்தில் பெரும்பகுதியை வேரிலேயே வைத்துக்கொண்டு இலைக்கு அனுப்பாது. தென்னிந்திய ரகம் விதைபோட்டுப் பரவுவதும் இல்லை.

நாற்று வாங்குவதில் நான் ஏமாந்த கதையைச் சொல்லவேண்டும். ஒரு நர்சரியில் 200 தூர் வாங்கிவந்து இரண்டு நாள் முதுகு ஒடிய நட்டேன். மூன்றாம் வாரம் ஆயா ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்துவிட்டுச் சிரித்தார். எலுமிச்சை வாசனை! டீயில் போடும் எலுமிச்சைப் புல்லைத் தலையில் கட்டிவிட்டார்கள். அதனால் வாங்கும்போதே இலையைக் கசக்கிப் பாருங்கள். வெட்டிவேர் இலையில் வாசனையே இருக்காது, வாசனை எல்லாம் வேரில். வெட்டிவேர் பயிரிடும் கடலூர்ப் பக்கத்து விவசாயிகளிடம் சொல்லிவைத்தால் பஸ்ஸில் மூட்டையாக ஏற்றிவிடுவார்கள். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் காய்ந்த வேர் முளைக்காது.

ஒரு தூரில் இரண்டு மூன்று கிளைப்பு இருக்கும்படி பிரித்து, இலையை ஒரு சாணுக்கும் வேரை நாலு விரல் நீளத்துக்கும் நறுக்கி, ஒரு இரவு சாணக் கரைசலில் வேரை ஊறவைத்து நடவேண்டும். சரிவிலும் மனையின் எல்லையிலும் அரை அடிக்கு ஒன்றாக ஒரே வரிசையில் நெருக்கி நட்டால் மண்ணை அரிக்கவிடாத வேலியாகும். நடுவில் மூடுவதற்கு ஒன்றரை அடி இடைவெளி போதும். குழியில் ஒரு கைப்பிடி வேர் உட்பூசணம் (வேரோடு சேர்ந்து வாழ்ந்து சத்தை எடுத்துத்தரும் நல்ல பூஞ்சை) போடுங்கள். வேளாண் பல்கலைக்கழகத்திலும் வேளாண் இடுபொருள் கடைகளிலும் கிடைக்கும்.

ஆடி, ஆவணியில் நட்டு, மூன்று வாரம் தினமும் தண்ணீர் ஊற்றினால் ஐப்பசி மழை வருவதற்குள் பிடித்துக்கொள்ளும். ஐப்பசியிலேயே நட்டால் ஒரே ராத்திரி மழையில் தூரெல்லாம் மிதக்கும். வெட்டிவேருக்கு ஒரே ஒரு பலவீனம் நிழல். மரத்தடியிலும் அடுக்குமாடிக்கு நடுவிலுள்ள சந்திலும் சோம்பிப்போய்விடும். அங்கே நொச்சியும் ஆடாதொடையும் வையுங்கள்.

மற்ற செடிகள்

ஆடாதொடை என்ற பெயரே ஆடு தொடாதது என்பதால் வந்தது என்பார்கள். திறந்த மனைக்கு இது பெரிய தகுதி. கெட்ட மண்ணில் வளர்ந்ததை ஆடு மேய்ந்தால், அது பாலிலும் கறியிலும் நம்மிடமே திரும்பி வரும். அந்த வகையில் எருக்கும் ஆமணக்கும் நல்லவை. இரண்டும் உலோகம் உள்ள மண்ணில் சளைக்காமல் வரும். ஆமணக்கு விதை கொடிய விஷம் என்பதால் குழந்தைகள் புழங்கும் இடத்தில் வேண்டாம்.

கொஞ்சம் பெரிய இடம் என்றால் ஓரமாகப் புங்கை, பூவரசு, வேம்பு. புங்கை தழைச்சத்தையும் பிடித்துத் தரும். கடற்கரை உப்புக் காற்றுக்குப் பூவரசை மிஞ்ச ஆளில்லை. எண்ணூர்ப் பக்கம் சாம்பல் படிந்த நிலத்தில் தழைச்சத்து கிட்டத்தட்ட பூஜ்யம்; காய்ந்தால் பறக்கும், நனைந்தால் இறுகும். அங்கே மரத்துக்கு முன்னால் கொளுஞ்சி, ஆவாரை, புல் என்ற வரிசையில் ஆரம்பித்து, நல்ல மண்ணும் தொழு உரமும் அரை அடியாவது மேலே போடவேண்டும். ஊராக, பஞ்சாயத்தாகச் சேர்ந்து செய்யும் வேலை அது.

உப்பு ஏறிய மண்ணுக்கு உமரி. இது உப்பைத் தண்டிலும் இலையிலும் சேர்த்துவைக்கும், அறுத்து அப்புறப்படுத்தலாம். ஆனால் உள்ளதைச் சொன்னால், உமரியைவிட ஜிப்சமும் ஒரு நல்ல மழையும் வேகமாக வேலை செய்யும். எப்போதும் தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்குச் சம்பும் கோரையும் நாணலும்.

உறிஞ்சும் திறமை இருந்தாலும் வேண்டாத விருந்தாளிகள் சிலர் உண்டு. ஆகாயத்தாமரை உலோகத்தை நன்றாகவே இழுக்கும், ஆனால் அது கூவத்தையும் ஏரிகளையும் என்ன செய்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். சீமைக் கருவேலமும் உன்னிச்செடியும் அப்படித்தான். சூரியகாந்தி வெளியூர்க்காரி என்றாலும் கெடுதல் செய்யமாட்டாள். போட்டோவுக்கு அழகாக இருக்கும், நாலு செடி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது சாப்பிடலாம்

எண்ணெய் மட்டும் இருந்த மண் என்றால், முளைப்புச் சோதனை தேறி, ஆய்வகச் சீட்டில் எண்ணெயும் உலோகமும் சரியாக வந்தபிறகு. உலோக மண்ணில் அவசரம் வேண்டாம். சிமென்ட் தொட்டியோ, அடியில் ஷீட் விரித்து ஒன்றரை அடி உயர்த்திய பாத்தியோ கட்டி, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணில் போடுங்கள். வண்டியில் வரும் ‘செம்மண்’ எங்கே வெட்டியது என்று கேட்காமல் இறக்காதீர்கள். அரைக்கீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் காட்மியத்தை இலையில் சேர்ப்பதில் கெட்டிக்கார வகை. முள்ளங்கி, கிழங்கில் மண்ணே ஒட்டிவரும். கத்தரி, வெண்டை, முருங்கைக்காய் போன்ற காய்களுக்குள் ஈயம் மிகக் குறைவாகத்தான் போகும். முருங்கைக் கீரை வேறு, காய் வேறு. இலையில் புழுதி படியும், அலசித்தான் சமைக்கவேண்டும்.

வேலை செய்யும்போது கையுறை, மாஸ்க். காய்ந்த மண்ணைக் கொத்தாதீர்கள், நனைத்துவிட்டுக் கொத்துங்கள். செருப்பு வாசலுக்கு வெளியே.

அறுத்ததை என்ன செய்வது

உலோகத்தை வேரில் வைத்துக்கொள்ளும் செடிகளின் இலையில் பெரிதாக எதுவும் ஏறாது. வெட்டிவேரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, இலையை அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். வெளியே கொண்டுபோய் உரமாக்கவேண்டாம், மாட்டுக்குப் போடவேண்டாம், எரிக்கவே வேண்டாம். எரித்தால் மண்ணில் இருந்தது காற்றுக்கு வரும். பெரணி, கடுகு போன்ற உறிஞ்சும் வகைகளை அறுத்தால் உலர்த்திச் சாக்கில் கட்டி, அபாயகரக் கழிவாகத்தான் கொடுக்கவேண்டும். அதற்கான நிலப்புதைப்பு மையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஒரு சாக்குக்கு அவ்வளவு தூரமா என்று யோசிப்பீர்கள். அதனால்தான் வீட்டு மனைக்கு உறிஞ்சும் வகையைவிடக் கட்டிப்போடும் வகையே மேல் என்று சொல்கிறேன்.

இரண்டாம் வருஷம் சித்திரையில் வெட்டிவேர் இடுப்புயரம் நின்றது. ஆயா மதிலோரம் வந்து, “ரெண்டு கொத்து வேர் குடுப்பா, பானையில போட்டா தண்ணி குளுகுளுன்னு இருக்கும்” என்றார். எந்த வேரில் ஈயத்தைப் பிடித்துவைத்திருக்கிறோமோ அதே வேர். ஆயாவை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். “அப்போ எதுக்குய்யா ரெண்டு வருஷமா தண்ணி ஊத்துன?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். சாயங்காலம் நாட்டு மருந்துக் கடையில் 50 கிராம் வேர் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, இது எலுமிச்சைப் புல்லு இல்லியே என்றார்.